மூட்டை கட்டிய துணி

நெட்டிக்குளத்தில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. யாருடைய முழங்கால் என்று கேட்கிறீர்களா? கொக்கின் முழங்கால்தான். நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடையில் ஒரு பெரிய மருதமரம் காற்றில் சாய்ந்து குறுக்கே விழுந்துவிட்டது. ஓடை அதில் முட்டிப் பார்த்தது. முடியாமல் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. அந்த மரத்தை நகர்த்த யானைகளால்தான் முடியும். யானைகளோ ஆற்றுக்கு அக்கரையில், பாறை மேட்டுக்கு மேலே நின்றன. அன்று வெயில் தாழ்ந்ததும் அவை மலை தாண்டிக் கிளம்பிவிடும்.

குளக்கரையில் கூட்டம் கூடியது.

"மீன்கொத்தி, நீ ஒரு எட்டுப் பறந்து போய்ச் சொல்லிட்டு வாயேன்!" என்றது ஆமை.

"போன வருஷமே போய் மூக்குடைபட்டேன்!" என்றது மீன்கொத்தி. "'மேலேயே பறக்கிற உனக்குத் தரையோட கஷ்டம் என்ன தெரியும்? நடந்து வந்தவங்க சொன்னா கேட்கிறோம்'னு திருப்பி அனுப்பிட்டாங்க. நடக்கிறதுதான் உன் வேலையாச்சே, நீ போயேன்!"

"தாராளமா! ஆனா நான் போய்ச் சேர்றதுக்குள்ள யானைக்குட்டிக்கே பேரன் பிறந்துடுவான்."

எல்லோரும் குமிழியைப் பார்த்தார்கள். குமிழி ஒரு நீர்நாய். தண்ணீரிலும் போவாள், தரையிலும் போவாள். ஆனால் சும்மா இருக்க மட்டும் தெரியாது. கூழாங்கல்லைக் கண்டால் உருட்டிப் பார்ப்பாள். நத்தையைக் கண்டால் கவிழ்த்துப் பார்ப்பாள். "இது என்ன? இதை அமுக்கினா என்ன ஆகும்?" என்று நாள் முழுக்க ஒரே ஆராய்ச்சி!

அன்று மட்டும் அவள் எதையும் உருட்டவில்லை. கரைப் பொந்தில் அவளுடைய குட்டிகள் இரண்டும் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. ஆற்றுக்குக் கொண்டுபோகலாம் என்றால் அங்கே முதலைகள். இந்தக் குளம் வற்றினால் குட்டிகளை எங்கே வைத்துக் காப்பாற்றுவது?

"நான் போறேன்!" என்றாள்.

"குட்டிகளை நான் பார்த்துக்கிறேன். நான் எங்கே ஓடிடப் போறேன்?" என்றது ஆமை.

மீன்கொத்தி மட்டும் குமிழியை மேலும் கீழும் பார்த்தது. "போறது சரி. இப்படியேவா போகப் போறே? யானைங்க சபை அது! வாலெல்லாம் சேறு, மீசையில நத்தை ஓடு! பார்த்ததும் சிரிச்சிட மாட்டாங்களா?"

குமிழி தன் வாலைத் திரும்பிப் பார்த்தாள். சேறுதான். இத்தனை நாள் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது என்னவோ உடம்பெல்லாம் கூசியது. விறுவிறுவென்று ஊசிமூக்கனிடம் ஓடினாள்.

ஊசிமூக்கன் ஒரு தையல்சிட்டு. அந்தக் காட்டில் இலையோடு இலை சேர்த்துத் தைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பேச்சும் அப்படித்தான், நிற்காது. குமிழி தூது போகும் வழியைச் சொன்னதுமே ஆரம்பித்துவிட்டான்.

"ஆற்றுக்கு ஒண்ணு, முள்காட்டுக்கு ஒண்ணு, சபைக்கு ஒண்ணு. மூணு உடுப்பு தைச்சிடலாம்! முதல்ல ஒரு நாளைக்கு நீ என்னென்ன செய்வேன்னு சொல்லு குமிழி. அதுக்குத் தக்கபடி வெட்டறேன்."

குமிழி யோசித்தாள். உள்ளதைச் சொல்வதென்றால், 'குட்டிக்கரணம் போடுவேன், சேற்றில் சறுக்குவேன், மல்லாந்து மிதந்தபடியே நத்தையை உடைத்துத் தின்பேன்' என்று சொல்ல வேண்டும். தூது போகிறவள் அப்படியா சொல்வாள்?

"நிமிர்ந்து நிற்பேன் அண்ணே," என்றாள். "மெதுவா நடப்பேன். அளவா தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான்."

"அடடா, என்ன அடக்கம்!" என்று ஊசிமூக்கன் கொடியை எடுத்து அளவெடுத்தான். குமிழி மூச்சை உள்ளே இழுத்தாள். வயிற்றை எக்கிக்கொண்டாள். கழுத்தை நீட்டினாள். அந்த நேரத்தில் பார்த்தால் அவள் குமிழி மாதிரியே இல்லை. ஊசிமூக்கனும் அந்தக் கழுத்துக்கும் அந்த வயிற்றுக்கும்தான் தைத்தான்.

கை வேகம் என்பார்கள், இவனுக்கு மூக்கு வேகம்! ஆற்றுக்குத் தாமரை இலைச் சட்டை. முள்காட்டுக்குப் பனம்பாளையில் கவசம். சபைக்கோ தாழம்பூ மடல் அங்கி! கழுத்தை மூடும் பெரிய காலர், விளிம்பெல்லாம் வாகைமரத்தின் காய்ந்த நெற்று. நடந்தால் கலகலவென்று சத்தம். காடே எட்டிப் பார்க்கும்.

"மூணையும் கட்டி எடுத்துப்போக ஒரு துணி வேணுமே. என்கிட்ட ஒரு இலைகூட மிச்சமில்லை," என்றான் ஊசிமூக்கன்.

குமிழி பொந்துக்கு ஓடினாள். குட்டிகள் ஒரு பழைய வாழைநார்த் துணியில் சுருண்டு கிடந்தன. அவற்றை மெல்லத் தூக்கிப் புல்லில் படுக்க வைத்துவிட்டு, அந்தத் துணியை எடுத்து வந்தாள். தாமரை இலைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். மற்ற இரண்டையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆறு வந்தது. குமிழி வழக்கம்போல் தலைகீழாகப் பாய்ந்தாள். பாய்ந்தாளே தவிர, உள்ளே போகவில்லை! சட்டைக்குள் காற்று புகுந்து, பலூன் மாதிரி உப்பிக்கொண்டது. கையை வீசினால் அக்குளில் பிடித்தது. காலை உதைத்தால் இடுப்பில் இறுக்கியது. மூட்டையோடு அப்படியே மிதந்தாள்.

கரையில் படுத்திருந்த முதலை ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "இது என்னடா, பச்சைப் பூசணிக்காய் மிதந்து வருது? கடிச்சுப் பார்ப்போமா?"

ஐயோ! குமிழி சட்டையைக் கிழித்துப் போட்டாள். மல்லாந்து படுத்து, மூட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு, வாலை ஒரு வீசு வீசினாள். முதலை வந்து வாய் வைத்தபோது அங்கே இலைதான் இருந்தது. குமிழி அக்கரை ஏறிவிட்டாள்.

'போகட்டும், ஒன்று போனால் இன்னும் இரண்டு இருக்கிறதே' என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்தது கருவேல முள்காடு. குமிழி பனம்பாளைக் கவசத்தை மாட்டினாள். முள் ஏறவில்லை, உண்மைதான். ஆனால் குனியவும் முடியவில்லை! முள்காட்டில் குனிந்து போகத்தான் வழி உண்டு. பாதி வழியில் இரண்டு கிளைகளுக்கு நடுவே குமிழி சிக்கிக்கொண்டாள். முன்னே தலை, பின்னே வால், நடுவில் பாளை.

"நிமிர்ந்து நிற்பேன்னு சொன்னே இல்லே, இப்ப நில்லுடி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வெயில் வேறு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் உடம்பை நெளித்து நெளித்து வெளியே வழுக்கி வந்தாள். கவசம் கிளையிலேயே தொங்கியது.

இப்போது முதுகை எப்படி மூடுவது? மூட்டையைப் பார்த்தாள். அவிழ்த்தாள். தாழம்பூ அங்கியை வாயில் கவ்விக்கொண்டு, அந்த வாழைநார்த் துணியைத் தலையோடு சேர்த்துப் போர்த்தினாள். அட! குனிந்தால் துணியும் குனிந்தது. தவழ்ந்தால் கூடவே வந்தது. முள் துணியில் குத்தியது, அவளைத் தொடவில்லை.

"இது நல்லா இருக்கே!" என்றாள். வாயில் அங்கி இருந்ததால் "இஷ் நஷ்ஷா" என்றுதான் கேட்டது.

முள்காடு முடிந்ததும் பாறை மேடு. வெயிலில் தோசைக்கல் மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஒரு கால் வைத்தாள், எடுத்துவிட்டாள். துணியில் இன்னும் ஆற்று ஈரம் இருந்தது. குமிழிக்குள் பழைய ஆராய்ச்சி விழித்துக்கொண்டது. 'இதை விரித்தால் என்ன ஆகும்?' துணியை முன்னால் வீசி விரித்தாள். அதன் மேல் குதித்தாள். இழுத்தாள், மறுபடி வீசினாள், மறுபடி குதித்தாள். பாறை மேடு முழுவதையும் விளையாட்டாகவே தாண்டிவிட்டாள்!

மேலே யானைகள் நின்றிருந்தன. குமிழிக்கு மீன்கொத்தியின் பேச்சு நினைவுக்கு வந்தது. துணியைப் பார்த்தாள். கந்தல், முள், தூசி. 'சீச்சீ, இதோடவா சபைக்குப் போவது?' அதைச் சுருட்டி ஒரு புதருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தாழம்பூ அங்கியை மாட்டிக்கொண்டாள். மணம் மூக்கைத் துளைத்தது. காலர் தாடையை முட்டியது. கலகல, கலகல என்று நடந்து போனாள்.

யானைக் கூட்டத்தின் தலைவி கருமலையாள் காதை விரித்தாள். "யார் அது, இத்தனை சத்தத்தோட?"

குமிழி வணங்கக் குனிந்தாள். காலர் கழுத்தைப் பிடித்தது. பேச வாயைத் திறந்தாள். தாடை அசையவில்லை. "அம்... குள... மர..." என்றுதான் வந்தது.

"எங்கிருந்து வர்றே?"

"நெட்... குளம்... நடந்து..."

கருமலையாள் அவளைச் சுற்றி வந்து பார்த்தாள். "நெட்டிக்குளத்திலிருந்து நடந்தா? ஆறு தாண்டி, முள்காடு தாண்டி, பாறை தாண்டியா? உன் அங்கியில ஒரு கீறல் இல்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை. பூவாசம்தான் வீசுது! எந்தப் பறவை உன்னைத் தூக்கிட்டு வந்து இறக்குச்சு? பொய் சொல்றவங்களுக்கு எங்ககிட்ட நேரமில்லை. கிளம்புங்க எல்லாரும்!"

யானைகள் திரும்பிவிட்டன. குமிழிக்கு உயிரே போய்விட்டது. குட்டிகள்! கண் திறக்காத குட்டிகள்! காலரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது அசைந்து கொடுக்கவே இல்லை.

அப்போது புதர்ப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "பெரியம்மா, இது என்ன? ஆட்டினா பறக்குது பாருங்க!"

ஒரு யானைக்குட்டி. அதுவும் நம் குமிழி மாதிரிதான், எதையும் விட்டுவைக்காது. தும்பிக்கையில் அந்தக் கந்தல் துணி! தலையில் போட்டுப் பார்த்தது. முதுகில் போட்டுப் பார்த்தது. ஈ ஓட்டிப் பார்த்தது.

"கீழே போடு அதை!" என்று கருமலையாள் தும்பிக்கையை நீட்டினாள். நீட்டியவள் நின்றுவிட்டாள். துணியை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"இதில ஆற்றுத் தண்ணி இருக்கு," என்றாள் மெதுவாக. "கருவேல முள் இருக்கு. சுட்ட பாறை இருக்கு. ஒரு வழி முழுக்க இதுக்குள்ள இருக்கே! இது யாரோடது?"

குமிழி பலத்தையெல்லாம் கூட்டி ஓர் இழு இழுத்தாள். காலர் அறுந்தது. வாகை நெற்றுகள் நாலாபக்கமும் சிதறின.

"என்னோடது அம்மா! என்னோடதுதான்!"

கருமலையாள் இன்னும் முகர்ந்துகொண்டிருந்தாள். துணியின் நடுப்பகுதிக்கு வந்ததும் அவள் குரலே மாறிவிட்டது. "இதில பால் வாசமும் இருக்கே... பச்சைக்குட்டி படுத்த துணியா இது?"

"ஆமாம்மா. ரெண்டு இருக்கு. இன்னும் கண் திறக்கலை. குளம் வத்துது. ஓடையில மரம் விழுந்து கிடக்கு. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்." இப்போது குனிய முடிந்தது, பேச முடிந்தது, அழவும் முடிந்தது.

"இதை ஏன்டி ஒளிச்சு வெச்சே?"

"அசிங்கமா இருக்கேன்னு..."

"அசிங்கமா? இதைத் தோளில போட்டுக்கிட்டு வந்திருந்தா, நீ வாயே திறக்க வேண்டாமே!" என்றாள் கருமலையாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரு பிளிறு பிளிறினாள். "மலைக்கு நாளைக்குப் போகலாம். நடங்க, நெட்டிக்குளத்துக்கு!"

யானை முதுகில் வருவது எப்படி இருக்கும் என்று குமிழி அன்றுதான் தெரிந்துகொண்டாள். துணியைத் தலைப்பாகை கட்டியிருந்தாள். மருதமரத்தை யானைகள் வெண்டைக்காய் மாதிரித் தூக்கி அப்பால் போட்டன. ஓடை திரும்பியது. வறண்ட மண்ணில் முதல் தண்ணீர் நுரையோடு ஓடி வந்தபோது ஆமைகூட ஓடிப்போய்ப் பார்த்தது என்கிறார்கள். நான் நம்பவில்லை.

குமிழி நேரே பொந்துக்குள் போனாள். குட்டிகள் இரண்டையும் அந்தத் துணியிலேயே சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஊசிமூக்கன் ஓடோடி வந்தான். "என் தாழம்பூ அங்கி சபையில எப்படி இருந்துச்சு?"

குமிழி நடந்ததைச் சொன்னாள்.

"என்னது! மூட்டைத் துணியா சபைக்குப் போச்சு?" ஊசிமூக்கனுக்கு மயக்கமே வந்துவிட்டது. சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஆவல் தாங்காமல் பக்கத்தில் வந்து துணியைப் புரட்டிப் பார்த்தான். "இதைப் போர்த்தியும் போனியா? விரிச்சும் போனியா? தலையிலயும் கட்டினியா? எடுப்பா இருந்திருக்குமே! எங்கே, குட்டிக்கரணம் ஒண்ணு போடு, பார்க்கிறேன்."

குமிழி போட்டாள். அவன் இந்தப் பக்கம் நின்று பார்த்தான், அந்தப் பக்கம் நின்று பார்த்தான். "நீ இப்படிப்பட்டவள்னு அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல வெட்கமா இருந்துச்சு அண்ணே."

"சரி, இந்தத் துணிக்கு ஒரு கரை மட்டுமாவது நான் தைச்சுத் தர்றேன். செக்கச்செவேல்னு!"

"தைங்க அண்ணே. அழகா இருக்கணும். ஆனா சத்தம் போடக் கூடாது, குட்டிகளைக் குத்தக் கூடாது!"

அவன் இலவம்பூ நிறத்தில் மெத்தென்று ஒரு கரை தைத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து, அளவு கொடுக்க வருகிறவர்களை ஊசிமூக்கன் முதலில் ஓடச் சொல்வான், குனியச் சொல்வான், வாய்விட்டுச் சிரிக்கச் சொல்வான். அப்புறம்தான் கொடியை எடுப்பான்.

பிறர் முன் மூச்சை அடக்கி நிற்கும் நேரத்துக்காக உடை சேர்க்காதே; நீ ஓடியாடி வாழும் வாழ்க்கைக்கு ஏற்ற ஒன்று இருந்தால், அதுவே எல்லா இடத்துக்கும் சுகம், அதுவே அழகு.