குகைக்கு வராதவர்கள்

நடுப்பகலிலும் பனிமூட்டம் கலையாத ஒரு காட்டில், யார் மீது புகார் வந்தாலும் கரடியின் குகையில்தான் விசாரணை நடக்கும். சாட்சிகள் அடையாளம் தெரியாதபடி உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். யார் வந்தார், என்ன சொன்னார் என்பது வெளியே போகக் கூடாது. காட்டின் மற்றப் பொது விஷயங்களை யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

இந்த இரண்டு சட்டங்களையும் காப்பது வாசல் காவலன் முள்ளம்பன்றியின் வேலை. தன்னிடம் ஓர் எழுத்தும் பிசகாது என்று அதற்குத் தலைக்கனம் உண்டு.

அந்தக் குளிர்காலத்தில் குளக்கரையில் குட்டிகள் காணாமல் போயின. சத்தம் இல்லை, ரத்தம் இல்லை. பனிக்குள் போன குட்டி திரும்பி வரவில்லை.

ஒருநாள் குளக்கரைச் சருகுமான் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு குகைக்கு வந்தது.

"குட்டிகளைத் தூக்கியது சிறுத்தைதான். என் கண்ணால் பார்த்தேன். நான் வந்தது தெரிந்தால் என்னை விடாது" என்றது.

"நான் மூச்சு விடமாட்டேன், பயப்படாதே" என்றது முள்ளம்பன்றி.

கரடி எல்லாவற்றையும் கேட்டது. "நாளை இதே குகையில் பஞ்சாயத்தார் முன்னாலும் வந்து சொல். அதன்பிறகு தீர்ப்பு" என்று அனுப்பி வைத்தது.

சருகுமான் போன சற்று நேரத்தில், பனிக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. உடம்பு தெரியவில்லை.

"குகைக்குள் யார் வந்தார்?" என்றது சிறுத்தை.

"சொல்ல மாட்டேன். சட்டம் இடம் கொடுக்காது."

"சரிதான். வந்தவர்களைப் பற்றிக் கேட்டது என் தப்பு. குளக்கரையில் குடியிருப்பவர்கள் நால்வர். அவர்களில் வராதவர்கள் யார்? அது ரகசியம் இல்லையே?"

முள்ளம்பன்றி யோசித்தது. வந்தவர் பெயரைத்தான் சட்டம் மூடுகிறது. வராதவர்களுக்கு ஏது ரகசியம்? கேட்டால் சொல்லத்தானே வேண்டும்?

"முயல் வரவில்லை. மயில் வரவில்லை. கீரியும் வரவில்லை" என்றது.

"ரொம்ப நன்றி" என்றது சிறுத்தை. கண்கள் அணைந்தன.

சட்டப்படி நடந்துகொண்டோம் என்ற மகிழ்ச்சியில் முள்ளம்பன்றி சற்று நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகுதான் அதற்கு உறைத்தது. நாலில் மூன்று போனால் மிச்சம் யார்?

விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. சருகுமானின் புதருக்குள் காய்ந்த சேற்றுப் பொருக்குகள் மட்டும் கிடந்தன. "பாவி, நானே காட்டிக் கொடுத்துவிட்டேனே" என்று அழுதது. பனி அந்த அழுகையையும் விழுங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எல்லார் நடுவிலிருந்தும் இன்னொரு குட்டி போயிற்று. கரடியும் முள்ளம்பன்றியும் குளக்கரைக்கு ஓடி வந்தன.

"யார் தூக்கியது?" என்றது கரடி.

"நான் பார்க்கவில்லை" என்றது முயல்.

"பனி மறைத்துவிட்டது" என்றது மயில்.

கீரி, சருகுமானின் காலிப் புதரில் கிடந்த சேற்றுப் பொருக்குகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு மூன்றும் முள்ளம்பன்றியை மட்டுமே பார்த்தன.

எதிர்க்கரையில் சிறுத்தை நிதானமாகத் தண்ணீர் நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

நீதி: பெயரைச் சொல்லாமல் இருப்பது மட்டும் ரகசியம் காப்பதாகாது, பெயர் தெரிய வழி விடாமல் இருப்பதே காப்பு.