தலைப்பாகை சொன்ன சாட்சி

காளையை ஓர் ஈ கடித்ததற்காக ஒரு குடும்பம் ஆற்றின் இரண்டு கரையிலும் பிரிந்து கிடக்குமா? கிடந்ததே, கேளுங்கள்!

வெகுகாலத்துக்கு முன் மருதூர் நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டான். பட்டத்துக் காளை என்றால் அவனுக்கு உயிர். கொட்டில் அதிகாரி குலோத்தமரோ, கொம்பு கூராகத் தெரிந்தால்தான் கம்பீரம் என்று, யாரையும் குத்தாமலிருக்க நுனியில் மாட்டியிருந்த பித்தளைக் குப்பிகளைக் கழற்றிவிட்டார். மறுநாள் தவிடு வைக்கக் குனிந்தான் மாட்டுக்காரன் மாயழகு. ஈ கடித்தது. காளை தலையை உதறியது. கொம்பு அவன் இடது கண்குழி எலும்பை உடைத்து, நெற்றியையும் கிழித்துவிட்டது.

குலோத்தமர் முந்திக்கொண்டார். "தொட்டியில் இடறி விழுந்துவிட்டுக் காளைமேல் பழி போடுகிறான், மகாராஜா!"

"என் செல்லத்தையா? ஆற்றுக்கு அக்கரைக்கு விரட்டுங்கள் அவனை! யாரும் ஆற்றைக் கடந்து போய் அவனைப் பார்க்கக் கூடாது!"

அவன் பெண்டாட்டி சிலம்பாயி சாயங்காலமானால் கைக்குழந்தையோடு கரையில் வந்து நிற்பாள். அக்கரையில் அவன் அடுப்புப் புகை தெரியும்; முகம் தெரியாது. வீக்கம் வடிந்ததா? கண் திறந்ததா? புகையிடம் கேட்க முடியுமா? ஆற்றில் தண்ணீர் குறைந்தது, அவள் ஏக்கம் குறையவில்லை.

ஆறாம் மாதம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அரசவைக்கே போய்விட்டாள்.

"மகாராஜா, காளை சாதுதானே? நாளைக்கு அதிகாரி ஐயா கையாலேயே தவிடு வைக்கட்டும். என் வீட்டுக்காரர் பொய்யர்னு ஊரே பார்த்துக்கட்டும்."

"நல்ல யோசனை! என்ன குலோத்தமரே?"

"பா... பாக்கியம், மகாராஜா."

மறுநாள் கொட்டிலுக்கு அவர் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! பூசணிக்காய் பருமனில் தலைப்பாகை. அது இடது கண்ணையும் மூடி இறங்கியிருந்தது.

"என்ன ஐயா இது?" என்றான் ராஜா.

"பனி, மகாராஜா."

"சித்திரையிலா? அதுவும் ஒற்றைக் கண்ணுக்கு மட்டுமா?"

"மகாராஜா, என்னை நம்ப வேண்டாம், அந்தத் தலைப்பாகையைக் கேளுங்க," என்றாள் சிலம்பாயி. "என் வீட்டுக்காரர் தொட்டியிலதான் விழுந்தார்னா, ஐயா எதுக்கு அதே இடது கண்ணைப் பொத்திக்கிட்டு வரணும்?"

கூடியிருந்த ஊரே குலுங்கிச் சிரித்தது. குலோத்தமர் குப்பி கழற்றியதைக் கக்கிவிட்டார். "இனிமேல் நீர் இந்தக் கொட்டிலில் சாணி அள்ளும்!" என்றான் ராஜா. பிறகு குரல் தாழ்ந்து, "உனக்கு என்னம்மா வேண்டும்?"

"அவரை வரச் சொல்லுங்க. காளையை ஒண்ணும் செய்யாதீங்க; அது ஈயைத்தான் விரட்டுச்சு."

பரிசல் வந்தது. இறங்கிய மாயழகு வலது கன்னத்தைக் காட்டியே நின்றான். பிள்ளையை வாங்கும்போதும் திரும்பவில்லை.

"ஏங்க," என்றாள் சிலம்பாயி, "ஆறு மாசம் காத்திருந்தவளுக்குப் பாதி முகந்தானா? அந்தப் பக்கத்தையும் காட்டுங்க."