ஜெரோம் வீடியோவில் உள்ள குறைகள்

"டீச்சர், அவனுக்கு ஒழுங்கா ஒரு கட் பண்ணத் தெரியாது. அவனுக்கு லட்சம் வியூஸ். எனக்கு இருநூறு. இது அடுக்குமா?"

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் தவமணி கேட்டுவிட்டார்.

பாளையங்கோட்டையில் தலை நரைக்கும்வரை கல்யாண வீடியோ எடுத்தவர். நடிகர் மகிழ்வேந்தன் என்றால் இன்னமும் விசிலடிப்பார். அந்த நடிகரின் படக் காட்சிகளை வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, ரசிகர் வீடியோ போடக் கற்றுக்கொள்ளத்தான் எடிட்டிங் வகுப்பு நடத்தும் ஷபீனாவிடம் சேர்ந்தார். ஷபீனாவுக்கு அவர் மகள் வயது.

'அவன்' என்றால் ஜெரோம். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அதே வகுப்பில் அவருக்குப் பிறகு வந்து சேர்ந்தவன். அதுதான் ஆறவே இல்லை.

நடிகரின் பிறந்தநாளன்று தியேட்டர் திரையில் ஒரே ஒரு ரசிகர் வீடியோ ஓடும். இவர்கள் இருவருடையதில் எது என்று சொல்லும் பொறுப்பை ரசிகர் மன்றத்துக்காரர்கள் ஷபீனாவிடம் விட்டிருந்தார்கள். அது தெரிந்த நாள்முதல் தவமணிக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் இன்னும் ரெண்டையும் பாக்கல அண்ணாச்சி" என்றாள் ஷபீனா. "மன்றத்துல இருந்து இப்பப் போன் வரும். நீங்களே சொல்லுங்க, ஜெரோமோடதுல என்ன குறை?"

"ஒண்ணா ரெண்டா!" தவமணி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஆரம்பமே இருட்டு டீச்சர். மழைச் சத்தம் மட்டும் கேக்கு. யாராவது இப்படி ஆரம்பிப்பாங்களா? ஆளு முகத்தையே காட்டல. முதுகுதான். நனைஞ்ச முதுகு. நடக்காரு, நடக்காரு. இப்ப மியூசிக் வரும்னு பாத்தா, வரல."

"ம்."

"அம்மா கூப்பிடுத குரல் வருது. அது வேற படத்துல உள்ளது. களவாணிப்பய, அதக் கொண்டாந்து இதுல வச்சிருக்கான். அவரு நிக்காரு. திரும்புதாரு. திரும்புத நேரத்துல ஒரு கட். பாத்தா, அவரு சின்னப்பையனா நடிச்ச முதல் படத்துல உள்ள முகம். அதே திருப்பம். அப்பதான் மேளம் இறங்குது..."

அவர் கை தொடையில் தாளம் போட்டது. கண்கள் மூடியிருந்தன. மேலெல்லாம் சிலிர்த்திருந்தது.

அவர் கண் திறந்ததும் ஷபீனா கேட்டாள்.

"சரி. இப்ப உங்களோடதச் சொல்லுங்க."

"என்னோடதா? முதல்ல தங்க எழுத்துல என் பேரு சுத்திக்கிட்டு வரும்."

"அப்புறம்?"

"நெருப்பு. நெருப்புக்குள்ள நம்ம ஸ்டுடியோ பேரு."

"அப்புறம்?"

தவமணி யோசித்தார். மகிழ்வேந்தன் வருவார், நிச்சயம் வருவார். எந்தப் படம், எந்தக் காட்சி என்றுதான் நாக்கில் வரவில்லை.

போன் அடித்தது. ஷபீனா காதில் வைக்கவில்லை. ஸ்பீக்கரை அழுத்தி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மேடம், எந்த வீடியோங்க?"

தன் பெயரைச் சொன்னால் முடிந்தது. ஊரே திரையில் பார்க்கும். ஜெரோமை நினைத்தால் இன்னமும் வயிறு எரிந்தது.

"ஜெரோமோடதப் போடுங்க" என்றார் தவமணி.

"சரிங்க. நீங்க யாரு பேசுதீங்க?"

தவமணி ஷபீனாவைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரசிகன்" என்றார்.