சாதுவான மிளகாய்

பாளையங்கள் எழுபத்திரண்டு என்பார்கள். இது அந்தக் கணக்கில் சேராத ஒரு பாளையத்தில் நடந்தது. அதன் ராஜா திருமேனிப் பூபதிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். அரண்மனை வைத்தியர் மருந்தீசர் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார். ராஜா குடித்தார். காய்ச்சல் அசையவில்லை.

"பொழுது சாய்வதற்குள் வைத்தியர் ஊரைவிட்டுப் போகட்டும்," என்றார் ராஜா.

மருந்தீசர் கைகூப்பினார். "பிரபு, குறை செடியில் இருக்கிறது. நிலவேம்பு வறண்ட மேட்டில் வாடி வளரவேண்டும். நிழலில் உலரவேண்டும். நம் நந்தவனத்தில்..."

நந்தவன அதிகாரி கோதண்டம் பாய்ந்தார். "என் தோட்டத்தையா குறை சொல்கிறீர்? வேளாவேளைக்குத் தண்ணீர், எரு! பறித்தபின், பிரபுவின் நாக்கு நோகக்கூடாதென்று, கசப்பு இறங்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தேன். மொட்டைமாடி வெயிலில் முறுகக் காயவைத்தேன். செடி ஒன்றுதானே ஐயா? எங்கே வளர்ந்தால் என்ன, எப்படிக் காய்ந்தால் என்ன?"

ராஜா தலையாட்டினார். கசக்காத கஷாயம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

சபையிலிருந்த விகடகவி கூத்தபிரானுக்குக் கவலை பிடித்தது. வைத்தியர் அவருடைய நண்பர். தவிர, அவருடைய மூட்டுவலிக்கு ஊரில் வேறு வைத்தியர் இல்லை. கொஞ்சம் அவகாசம் கேட்டு வீட்டுக்குப் போனவர், மடி நிறையப் பச்சைமிளகாயோடு திரும்பினார்.

"அதிகாரியாரே, நந்தவனத்து மிளகாயை நீர் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி தின்பீராமே?"

"பழைய சோற்றுக்கு அதுதானே!"

"இதுவும் அதே விதை. நீர் கொடுத்ததுதான். என் செம்மண் மேட்டில் போட்டுவிட்டு மறந்துபோனேன். மழையும் மறந்துபோயிற்று. ஆனாலும் செடி ஒன்றுதானே?"

"ஒன்றேதான்!" கோதண்டம் ஒன்றை முழுதாக மென்றார். வீரமாக இன்னொன்றையும்.

சபை காத்திருந்தது. முதலில் காது சிவந்தது. அடுத்து மீசை நடுங்கியது. ராஜாவுக்கு முதுகு காட்டக்கூடாது என்பது சபை வழக்கம். வழக்கம் தவறாமல் பின்பக்கமாகவே ஓடிய அதிகாரி, தாமரைத் தொட்டியில் தலையை விட்டார்.

"செடி ஒன்றுதானே, கோதண்டம்?" என்று கேட்டார் ராஜா.

தொட்டியிலிருந்து குமிழிகள் மட்டும் வந்தன.

வைத்தியர் ஊரைவிட்டுப் போகவில்லை. வறண்ட மேட்டு நிலவேம்பு வந்தது, நிழலில் உலர்ந்தது. ராஜா முகத்தை எட்டுக்கோணலாக்கிக் குடித்தார். காய்ச்சல் இறங்கியது.

தெம்பு வந்ததும் ராஜா கூத்தபிரானை அழைத்தார். "அந்தக் கோதண்டத்தைச் சிறையில் அடைக்கலாமா?"

"வேண்டாம் பிரபு. சிறைக்கே அதிகாரியாக்குங்கள். அவர் வளர்ப்பில் நிலவேம்பே கசப்பை விட்டது, மிளகாயே காரத்தை விட்டது. நம் திருடர்கள் எம்மாத்திரம்?"