ஸ்டூல் கேட்ட சிப்பாய்

தவசிக்கனி அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்க நிற்க வேண்டும். அண்ணாச்சி மட்டும் ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போர் விளையாடுவார். மேலேயிருந்து பார்க்கிற ஆட்டம். சிப்பாய்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள்.

கால் வீங்கிப்போன தங்கபுஷ்பம் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள்.

“என் படையில ஆயிரம் பேர் நிக்கான். ஸ்டூல் கேக்குற சிப்பாய் ஒருத்தனைக் காட்டு, தாரேன். இல்லன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராத” என்றார்.

“காட்டுதேன் அண்ணாச்சி” என்று அவள் தன் செல்போனை நீட்டினாள். “இது என் தம்பி விளையாடுற வாள்சண்டை. இதுல நீங்க ராஜா இல்ல, ஒத்தைச் சிப்பாய். அவன் கண்ணு வழியாத்தான் பாக்கணும்.”

அண்ணாச்சி செல்லை வாங்கி ஆட்டத்துக்குள் ஓடினார், விடாமல் வாளை வீசினார். கொஞ்ச நேரத்தில் சிப்பாய்க்கு மூச்சு வாங்கியது. எதிரி நெருங்கி வந்தான்.

“ஏ, இவன் கையைத் தூக்க மாட்டேங்கானே! செல்லு கெட்டுப்போச்சா?”

“இல்ல அண்ணாச்சி, அசந்துட்டான். மேலேயிருந்து பாத்தா இது தெரியாது. கொஞ்சம் ஓய்வு கொடுத்தாத்தான் கை எழும்பும்.”

“அப்போ செத்த நேரம் உக்காந்து தொலையேன்டா!” என்று அண்ணாச்சி செல்லைப் பார்த்துக் கத்தினார்.

“எதுல உக்காருவான் அண்ணாச்சி?” என்றாள் தங்கபுஷ்பம்.

கடையே சிரித்துவிட்டது. ஆண்டவன் புண்ணியத்தில் அன்று சாயங்காலமே எல்லாருக்கும் ஸ்டூல் வந்தது.