மொட்டைத் தலைக்குப் பாஸ்போர்ட்

பாலைவன நாட்டில் வீட்டுச் சமையல் வேலை பார்த்த செல்லக்கனிக்கு, விசா வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அங்கேயே பிறந்த பிள்ளைக்கோ இன்னும் பாஸ்போர்ட் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் தூதரகத்துக்கு ஓடினாள்.

அதிகாரி தனகோபால் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், எகிறினார்.

"போட்டோவில் சுருட்டை முடி, இடுப்பில் மொட்டை! யார் பிள்ளை இது?"

"என் பிள்ளைதான் ஐயா. காய்ச்சல் விட்டா மொட்டைன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். நேத்துதான் போட்டேன்."

"முடி வளர்ந்தப்புறம் வா. போட்டோவும் தலையும் ஒத்துப்போகாத ஆளுக்கு இந்த ஆபீசில் இடமே கிடையாது!"

"யாரா இருந்தாலுமா ஐயா?"

"யாரா இருந்தாலும்!"

செல்லக்கனி வாசலில் நின்ற காவலாளியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த ஐயாவை வெளிய கூட்டிட்டுப் போங்க. கழுத்துல தொங்குற அடையாள அட்டை போட்டோவுல காடு மாதிரி முடி இருக்கு. தலையில பார்த்தா ஈ உட்கார்ந்தா வழுக்குது."

வரிசையே குலுங்கிச் சிரித்தது. காவலாளி அட்டையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், நிஜமாகவே ஒரு அடி முன்னால் வைத்தார். தனகோபால் பாய்ந்து விண்ணப்பத்தில் முத்திரையைக் குத்தினார்.

வாசல் வரை போன செல்லக்கனி திரும்பினாள்.

"நீங்க எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டீங்க ஐயா?"