பிராந்திக் கிடங்கில் துடைப்பம் நுழையாத கதை

அந்தக் காலத்தில் சிலந்திக்கும் பேச்சு இருந்தது. கேட்டால் பதில் சொல்லும். அதை நம்புவதும் நம்பாததும் மனிதர் பாடு.

பிரான்சு நாட்டில் சாரான்த் என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் கரையில் பெரீன் என்ற பெண் பிராந்திக் கிடங்கு ஒன்றைக் கட்டிக் காத்துவந்தாள். திராட்சை மதுவைச் செப்புப் பானையில் இரண்டு முறை காய்ச்சி வடிப்பது அந்த ஊர் வழக்கம். வடித்ததை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி, இருட்டறையில் வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். நம் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு என்ன கட்டுப்பாடோ அதே கட்டுப்பாடு அங்கே பீப்பாய்க்கு. பீப்பாய்ப் பலகைகளுக்கு ஆணி கிடையாது. இளமரக் கழியைப் பிளந்து வளைத்து, வளையம் வளையமாகப் பூட்டி இறுக்குவார்கள். வளையம் போனால் பீப்பாயும் போயிற்று.

பெரீனிடம் பன்னிரண்டு பீப்பாய்கள் இருந்தன. மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. அவள் கணவன் கஸ்பார் கடைசியாக வடித்தது அதில் இருந்தது. ஊற்றிய ஒன்பதாம் நாள் அவன் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது மகள் லூசி தொட்டிலில் கிடந்தாள். "இவ கல்யாணத்தன்னிக்குத் திற. அதுவரைக்கும் விரல்கூட நனைக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான். பெரீன் கையடித்துச் சத்தியம் செய்தாள். பத்தொன்பது வருஷம் அந்தப் பீப்பாயின் தக்கையை அவள் தொடவில்லை.

லூசிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. இன்னும் ஒரு மாதம் இருந்தது. விருந்துக்குப் போதுமா என்று அளவு மட்டும் பார்க்க, பெரீன் தக்கையைப் பிடுங்கி அளவுக்குச்சியை இறக்கினாள். குச்சியைத் தூக்கிப் பார்த்தவள், துடைத்து மறுபடியும் இறக்கிப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

மற்றப் பீப்பாய்கள் இரண்டு மூன்று வருஷத்தில் விற்றுப்போய்விடும். கொஞ்சம் குறைந்தால் மரம் குடித்தது என்பார்கள். அதற்காக மூன்றில் ஒரு பங்கையா மரம் குடிக்கும்? தரையில் ஈரமே இல்லை. கிடங்குச் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. அண்ணாந்து பார்த்தாள். பீப்பாய்க்கும் கூரைக்கும் வலை கட்டி, நடுவில் ஒரு கிழட்டுச் சிலந்தி உட்கார்ந்திருந்தது.

"நீதானே குடிச்சே?" என்றாள்.

"நான் பூச்சியைக் குடிக்கிறவ தாயி. இந்த நெருப்புத் தண்ணி எனக்கு எதுக்கு?"

"பத்தொன்பது வருஷமா உன் கூட்டத்தைத் தவிர இங்க ஒருத்தரும் இல்ல."

"இருந்தது நாங்கதான். அதனால குடிச்சதும் நாங்கன்னு ஆயிடுமா? யாருன்னு எனக்கும் தெரியல. தெரியிற வரைக்கும் வலையில கை வைக்காதே. நாங்க இங்க சும்மா உட்கார்ந்திருக்கல."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்கிறோம். அது ஆண்களுக்கு மட்டும் சொன்னதில்லை. செத்துப்போனவனுக்குக் கொடுத்த வாக்கு பெரீனின் கண்ணை மறைத்தது. நீளத் துடைப்பத்தை எடுத்துவந்து மூலைமுடுக்கெல்லாம் அடித்தாள். வலைகள், வலைக்குள் இருந்த வெள்ளை முட்டைப் பைகள், ஓடிய குஞ்சுகள் எல்லாவற்றையும் வாசலுக்குத் தள்ளி, உறைபனி படிந்த புல்லில் உதறினாள். கிழட்டுச் சிலந்தி ஒரே ஒரு முட்டைப் பையைக் கவ்விக்கொண்டு வெளிச்சுவரில் ஏறியது.

கிடங்கு பளிச்சென்று இருந்தது. பத்து நாள் பெரீனுக்கு அதில் பெருமைதான்.

பதினோராம் நாள் பீப்பாய்களுக்கு அடியில் மாவு சிந்தியதுபோல் மரத்தூள் கிடந்தது. குனிந்து காதை வைத்தாள். உள்ளே கரக், கரக் என்று சத்தம். வளையங்களில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகள். மரவண்டு. சூடான கம்பியை விட்டுப் பார்த்தாள், புகை போட்டுப் பார்த்தாள். ஒரு ஓட்டையை அடைத்தால் ஒன்பது ஓட்டை முளைத்தது.

இருபதாம் நாள் காலையில் முதல் வளையம் வெடித்தது. பிறகு பக்கத்துப் பீப்பாயில் ஒன்று. அவள் ஓடிப்போய்க் கோடு போட்ட பீப்பாயைப் பார்த்தாள். எட்டு வளையங்களில் ஐந்து தெறித்துக் கிடந்தன. அவள் கண்ணெதிரே ஆறாவதும் விட்டது. பலகைகள் வாயைத் திறக்க, இடுக்கில் பொன்னிறத்தில் ஒரு சொட்டு திரண்டது. பெரீன் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"லூசி! கிணத்துக் கயிறை அவிழ்த்துக்கிட்டு ஓடி வா!"

கை மரத்துப்போனது. விட்டால் பத்தொன்பது வருஷம் தரையோடு போகும். அவள் விடவில்லை. லூசி கயிற்றோடு வந்து பீப்பாயைச் சுற்றினாள். இடையில் கழியைச் செருகி முறுக்கினாள். பலகைகள் முனகிக்கொண்டு சேர்ந்தன. ஆனால் மிஞ்சிய இரண்டு வளையங்களுக்குள் கரக், கரக் நிற்கவில்லை.

"அம்மா, வலை இருந்தவரைக்கும் இந்தச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லையே?" என்றாள் லூசி.

பெரீனுக்குச் சுருக்கென்றது. வெளியே போய்ச் சுவரடியில் நின்றாள். கிழட்டுச் சிலந்தி ஓட்டுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. அவள் வாயைத் திறக்குமுன் அது பேசியது.

"திருடனைக் கண்டுபிடிச்சிட்டேன் தாயி. வெளியில தள்ளினதுக்கு அது ஒண்ணுதான் லாபம். இந்தச் சுவரைப் பாரு. உன் வீட்டுச் சுவர் வெள்ளையா இருக்கு, தேவாலயச் சுவர் வெள்ளையா இருக்கு. கிடங்குச் சுவரும் ஓடும் மட்டும் ஏன் இப்படிக் கருத்துக் கிடக்கு? உன் பிராந்தி மரத்து வழியா மூச்சு விடுது. காத்து குடிக்குது. காத்து குடிச்ச இடத்துல இந்தக் கருப்பு படியுது."

பெரீன் சுவரைத் தொட்டாள். விரல் கரியானது. தினமும் பார்த்த சுவர்தான். அவமானத்தில் அவளுக்குத் தலை நிமிரவில்லை.

"தப்பு என்னுதுதான். உள்ள வா."

"என் முட்டைகளைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"எத்தனை?"

"பதினோரு பை போச்சு. ஒண்ணு மிஞ்சிச்சு."

பெரீன் திரும்பி, வாசலில் நின்ற லூசியைப் பார்த்தாள். பிறகு சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள். சிலந்தி ஓட்டுக்கு அடியிலிருந்து இறங்கி வந்தது.

"உள்ள வரேன். மிஞ்சின பைக்கு வேற இடம் இல்ல. இனி துடைப்பம் அங்க நுழையக் கூடாது."

"நுழையாது."

"இன்னொண்ணு. இதுதான் உங்க சனத்தோட எங்க கடைசிப் பேச்சு. உண்மையைச் சொன்னேன், உனக்கு அது பொய்யாத்தான் கேட்டுது. இனி எங்க வேலையைப் பாத்துத் தெரிஞ்சுக்குங்க."

அன்றே வலை ஏறியது. வளையத்தை விட்டு வெளியே வந்த வண்டெல்லாம் வலையில் விழுந்தது. ஐந்தாம் நாள் கரக் சத்தம் அடங்கியது. பைக்குள் இருந்த குஞ்சுகள் வெளிவந்து ஆளுக்கொரு பீப்பாயைப் பிடித்துக்கொண்டன.

கல்யாணத்தன்று கிணற்றுக் கயிறு கட்டிய பீப்பாயைத் திறந்தார்கள். காற்று குடித்தது போக மிஞ்சியது கெட்டிப்பட்டு, ஒரு வாய்க்கே கிடங்கு முழுக்க மணத்தது. மாப்பிள்ளையின் தாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பீப்பாய்மேல் படர்ந்த வலையைத் தட்டிவிடக் கை ஓங்கினாள். பெரீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சம்பந்தி. குடிக்காம காவல் காத்தது அது ஒண்ணுதான்."

மேலே கிழட்டுச் சிலந்தி ஒரு நூலை இழுத்து முடிந்துகொண்டிருந்தது. பெரீன் அதைக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். அது பதில் சொல்லவில்லை.

அன்று முதல்தான் சாரான்த் கரைப் பிராந்திக் கிடங்குகளில் யாரும் ஒட்டடை அடிப்பதில்லை. அன்று முதல்தான் சிலந்தி மனிதரோடு பேசுவதும் இல்லை.